வீட்டுக் கணினி – 11: பச்சைத் திரை சொல்லும் சேதி

வீடியோவை ஓடவிட்டால் சத்தம் மட்டும் வருகிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பசேலென்று ஒரு கட்டம். உடனே வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள்: "மானிட்டர் போச்சு", "வைரஸ் வந்திருக்கு", "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்". கடைசியில் சொன்னதுதான் பல வீடுகளில் நடக்கிறது. காப்பி எடுத்து வைக்காத குடும்பப் படங்களும் பிள்ளைகளின் புராஜெக்ட்டும் அதோடு அழிந்துபோகின்றன.

படக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மட் தேவையே இல்லை. ஒரு வீடியோ நான்கு இடங்களைத் தாண்டித்தான் கண்ணுக்கு வருகிறது. முதலில் ஃபைல். அடுத்து, அதில் சுருக்கி வைத்திருப்பதை விரிக்கும் கோடெக். பிறகு, படத்தைத் தயார்செய்யும் கிராஃபிக்ஸ் சிப்பும் அதன் டிரைவரும். கடைசியாக கேபிளும் மானிட்டரும். பழுது எந்த இடத்தில் என்று தெரியும்வரை எதையும் அழிக்கவும் வேண்டாம், புதிதாக வாங்கவும் வேண்டாம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. கோளாறு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஃபோனுக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஃபோனிலும் அதே பச்சை இருந்தால் மானிட்டர்மீதும் கேபிள்மீதும் பழியில்லை. ஃபோனில் படம் சரியாக இருந்தால் முதலில் கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டும். ஓடிடி தளங்களின் படங்களை வைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. காப்புரிமைப் பாதுகாப்பு இருப்பதால் அவற்றின் ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் கறுப்பாகவே விழும்.

அடுத்து, அதே வீடியோவை வேறு பிளேயரிலும், வேறு வீடியோவை அதே பிளேயரிலும் ஓட்டிப் பார்ப்பது. ஒரு ஃபைல் மட்டும் எல்லாவற்றிலும் தகராறு செய்தால் பழுது அந்த ஃபைலில்தான்.

சரி, ஏன் பச்சை? வீடியோ ஃபைலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் இருப்பதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைச் சொல்ல ஓர் எண், நிறத்தைச் சொல்ல இரண்டு எண்கள். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கவனிக்கிற அளவுக்கு நிற வேறுபாட்டை நுணுக்கமாகக் கவனிப்பதில்லை. அதனால் நிற விவரத்தைக் குறைத்தே பதிகிறார்கள், ஃபைலும் சிறிதாகிறது. சாதாரண வீடியோவில் இந்த எண்கள் 0 முதல் 255 வரை போகும். நிறமே வேண்டாம், வெறும் கறுப்பு வெள்ளைதான் என்றால் நிற எண்கள் இரண்டும் 128-ல் நிற்க வேண்டும். கிராஃபிக்ஸ் சிப் படத்தை விரிக்க முடியாமல் பாதியில் கைவிட்டால் மூன்று எண்களும் 0 ஆகவே கிடக்கின்றன. அவற்றைத் திரைக்கான நிறங்களாக மாற்றும் கணக்கில் சிவப்பும் நீலமும் 0-க்குக் கீழே போய்விடுகின்றன. பச்சை மட்டும் 135 அளவில் மிஞ்சுகிறது. ஆக, அந்தப் பச்சைக் கட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: படம் சிப்பிலிருந்து வெளியே வரவில்லை.

இதற்கு மருந்து, விரிக்கும் வேலையைப் பிராசஸருக்குப் பதில் கிராஃபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்கிற வசதியைத் தற்காலிகமாக நிறுத்துவது. விஎல்சி பிளேயரில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று போனால் அந்த வரி இருக்கும். அதை 'டிசேபிள்' என்று மாற்ற வேண்டும். குரோமில் செட்டிங்ஸுக்குள் சிஸ்டம் பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் பட்டன் இருக்கிறது. அணைத்ததும் படம் வந்துவிட்டால் சந்தேகம் டிரைவர்மீது விழுகிறது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியவற்றில் சிப் யாருடையதோ அவர்களின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். லேப்டாப் என்றால் அதைத் தயாரித்தவர்களின் தளத்தை முதலில் பார்ப்பது நல்லது. டிரைவர் சரியானதும் ஆக்சிலரேஷனை மறக்காமல் திரும்பப் போட வேண்டும். இல்லையென்றால் முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். சூடு ஏறும், ஃபேன் இரையும்.

விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு வீடியோ திக்கித் திணறினால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் சிப்புக்கு உரிய டிரைவர் இன்னும் வேலைக்கு வரவில்லை என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு பட்டன்களையும் சேர்த்து அழுத்தலாம். டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். திறந்து வைத்த வேலைக்கு ஆபத்தில்லை.

பச்சையும் இல்லை, வெறும் சத்தம்தான் என்றால் அது கோடெக் பிரச்சினையாக இருக்கலாம். ஐஃபோன்கள் 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஹெச்.265 முறையில் வீடியோ பதிகின்றன. பழைய ஹெச்.264-ஐவிட ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம். சில கணினிகளில் இதற்கான கோடெக்கைத் தயாரிப்பாளரே சேர்த்துத் தருகிறார். இல்லாதவர்கள் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் சிறு தொகை கொடுத்து வாங்க வேண்டும். பாரிஸ் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய விஎல்சி, தேவையான கோடெக்குகளைத் தன்னோடு கொண்டுவருகிறது; அதுவும் இலவசமாக. ஊர் பேர் தெரியாத தளங்களில் 'கோடெக் பேக்' தேடி இறக்குவதை அறவே தவிர்க்க வேண்டும். நிஜமான வைரஸ் அந்த வழியாகவும் வீட்டுக்குள் வரும்.

யூடியூப் மட்டும் தடுக்கித் தடுக்கி ஓடினால் வீடியோமேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைப் பார்க்க வேண்டும். 'டிராப்டு' என்ற எண் ஏறிக்கொண்டே போனால் குறை இன்டர்நெட்டில் இல்லை. கணினியால் படங்களை நேரத்துக்கு விரிக்க முடியவில்லை. யூடியூப் பயன்படுத்தும் சுருக்க முறைகளில் ஒன்றான, 2018-ல் வந்த ஏவி1-ஐச் சிப்பிலேயே விரிக்கும் வசதி இன்டெல்லில் 11-ம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. பழைய கணினியில் 1080-லிருந்து 720-க்கு இறக்கினாலே ஓட்டம் சீராகும்.

பழைய கேசட்டிலிருந்து மாற்றிய வீடியோவில் கை அசையும்போது விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் டிவியின் 'பால்' (PAL) முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் ஒற்றைவரி, இரட்டைவரி என இரு பாதிகளாகப் பதிவானவை. டிவி அவற்றை அடுத்தடுத்துக் காட்டியது; கணினி ஒன்றாகக் காட்டுகிறது. விஎல்சியில் 'டி' பட்டனைத் தட்டினால் பல் மறையும்.

விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்பெனி லோகோ தெரியும் நேரத்திலேயே கட்டங்களும் கோடுகளும் தோன்றினால் அது சாஃப்ட்வேர் பழுது அல்ல. ஃபார்மட்டால் தீராது, கடைக்குத்தான் போக வேண்டும். போகுமுன் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு, கோடு எந்த நேரத்தில் தோன்றுகிறது என்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம்: படம் வருகிறது, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை.

(தொடரும்)