முப்பதாயிரம் பேருக்கு ஒருவர்

1787 செப்டம்பர் 17. பிலடெல்பியாவில் நான்கு மாதமாக நடந்த அமெரிக்க அரசியலமைப்பு மாநாட்டின் கடைசி நாள். சட்டத்தைத் தோல் ஏட்டில் எழுதி முடித்து, கையெழுத்துக்கு வைத்திருந்தார்கள். அதுவரை தலைமை நாற்காலியில் அமர்ந்து விவாதங்களில் கலந்துகொள்ளாமல் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன், அப்போது எழுந்து பேசினார். மக்களவை உறுப்பினர் எண்ணிக்கை 40,000 பேருக்கு ஒருவர் என்ற அளவை மிஞ்சக் கூடாது என்றிருந்ததை 30,000 என்று மாற்றும் திருத்தத்தை ஆதரித்தார். எதிர்ப்பின்றி நிறைவேறியது. எழுதியிருந்த சொல்லைச் சுரண்டிவிட்டு 'முப்பது' என்று எழுதினார்கள். அப்படிச் சுரண்டி எழுதிய செய்தி, கையெழுத்துகளுக்குப் பக்கத்திலேயே குறிப்பாக இன்றும் இருக்கிறது.

மக்களுக்கும் அவர்களின் பிரதிநிதிக்கும் இடையே தூரம் கூடிவிடக் கூடாது என்ற கவலை அன்று அவ்வளவு ஆழமாக இருந்தது. 1789இல் முதல் மக்களவைக்கு 65 இடங்கள் ஒதுக்கப்பட்டன. மறு ஆண்டு கணக்கெடுப்பில் மக்கள்தொகை 39 லட்சம். இன்று 33 கோடிக்கு மேல். உறுப்பினர்கள் 435 பேர். சராசரியாக ஒருவருக்கு 7.6 லட்சம் மக்கள். டெலவேர் மாநிலத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அன்று 59,000 பேர் வாழ்ந்த அந்தச் சிறு மாநிலத்துக்கு ஓர் உறுப்பினர். 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 9.9 லட்சம் பேர். உறுப்பினர் அதே ஒருவர்தான்.

அன்றைய உறுப்பினருக்கு அலுவலகப் பணியாளர் என்று யாரும் இல்லை. வந்த கடிதத்தைத் தாமே பிரித்துத் தாமே பதில் எழுதினார். இன்றைய உறுப்பினர் 18 பேர் வரை முழுநேரப் பணியாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஓய்வூதியம் நின்றுபோய் உதவி கேட்டு அழைக்கும் முதியவருக்குப் பெரும்பாலும் அவர்களில் ஒருவரின் குரல்தான் கிடைக்கிறது. அந்த உதவியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் குரல் அவர் வாக்களித்தவருடையது அல்ல.

இந்த இடைவெளிக்கான வழி அந்தத் தோல் ஏட்டிலேயே இருந்தது. அதிகபட்சம் எத்தனை பேர் என்றது சட்டம். ஒரு மாநிலத்துக்கு ஒருவராவது உண்டு என்பதைத் தவிர, குறைந்தபட்சம் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. அந்தக் குறையை நீக்க 1789இல் காங்கிரஸ் அனுப்பிய திருத்தத்துக்குப் போதிய மாநிலங்களின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆயினும் 1840களில் ஒரு முறை குறைந்தது தவிர, ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் மக்களவை வளர்ந்துகொண்டே வந்தது. 1920 கணக்கெடுப்பில் நகரவாசிகள் கிராமத்தாரை மிஞ்சினார்கள். இடங்களை இழக்க மனமில்லாத கிராமப்புற மாநிலங்களின் உறுப்பினர்கள் மறுபங்கீட்டைத் தடுத்தார்கள். 1929இல் வந்த சட்டம் 435 என்ற எண்ணிக்கையை நிலைப்படுத்தியது.

இதையெல்லாம் சொல்லும்போது, அந்த 30,000 பேரில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1790இல் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். தொகைக் கணக்கில் அவர்கள் ஐந்தில் மூன்று பங்காகச் சேர்க்கப்பட்டார்கள். அதனால் கூடுதல் இடங்கள் பெற்றவை அவர்களை அடிமைப்படுத்திய மாநிலங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களில் சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை வழங்கியது 1790ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் அந்த ஐந்தில் மூன்று கணக்கு ஒழிந்தது. 1920இல் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது. தெற்கே கறுப்பின மக்கள் அச்சமின்றி வாக்களிக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946இல்தான் சட்டம் வழிவிட்டது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி 2017இல் இல்லினாய் மாநிலத்திலிருந்து அந்த அவைக்குள் உறுப்பினராக நுழைந்தார். 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் அந்நாட்டுக் குடிமகனாகவே ஆகியிருக்க முடியாது.

உறுப்பினரின் அருகாமை போயிற்று; உரிமை பரவிற்று. இவற்றில் ஒன்றை விட்டால்தான் மற்றது கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. 30,000 பேருக்கு ஒருவர் என்றால் இன்று 11,000 உறுப்பினர்கள் வேண்டும்; அது நடக்காது. ஆனால் 435 என்ற எண் அரசியலமைப்பில் எங்கும் இல்லை. அது சாதாரணச் சட்டம் வகுத்த எண். இன்னொரு சாதாரணச் சட்டம் போதும், அதை உயர்த்த.