பழைய ஸ்லோ குக்கரில் கஞ்சி காய்ச்சலாமா?

நோன்பு மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் பரணும் அலுமாரியும் துப்புரவாகும். அப்போது வெளியே வரும் பழைய பொருட்களுள் ஸ்லோ குக்கரும் ஒன்று. எப்போதோ யாரோ ஒரு மாமி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருப்பார். காலையில் அரிசியையும் இறைச்சியையும் போட்டு மூடிவிட்டால், நோன்பு திறக்கும் வேளைக்குக் கஞ்சி ஆயத்தம். வேலைக்குப் போகும் உம்மாமாருக்கு இது பெரிய உதவிதான். ஆனால் பல வருடங்கள் தூங்கிய கருவியை எழுப்புவதற்கு முன் சில சோதனைகள் உண்டு. கொட்டாஞ்சேனையில் உம்மம்மா வைத்திருந்த ஸ்லோ குக்கர் வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் விஞ்ஞானப் பாடத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு இவற்றைச் செய்து பார்த்தேன்.

இந்தக் கருவியின் கதையும் ஒரு பாட்டியிடம்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வாழ்ந்த இர்விங் நாக்ஸன் என்பவர் இதற்கு 1936இல் காப்புரிமை கேட்டு 1940இல் பெற்றார். அவருடைய பாட்டி லிதுவேனியாவின் வில்னியஸில் அவரையும் இறைச்சியும் சேர்த்து ஓர் உணவு சமைப்பாராம். யூதர்கள் தங்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே முதல்நாளே பானையைப் பேக்கரிப் போறணையின் தணிந்த சூட்டில் இரவு முழுவதும் வைத்துவிடுவார்கள். அந்தப் போறணைச் சூட்டையே நாக்ஸன் மின்கம்பியால் உண்டாக்கினார். 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த வருடம் ‘க்ரொக் பொட்’ என்ற பெயரில் விற்றது. 1974இல்தான் உள்ளிருக்கும் மண்பானையைத் தனியாக எடுத்துக் கழுவும் வகை வந்தது. அதற்கு முந்தியவற்றில் பானையும் உடலும் ஒன்றே.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். அடியில் ஒட்டியுள்ள தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். இலங்கையில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட். அமெரிக்காவில் வாங்கிய குக்கர் 120 வோல்ட்டுக்கு உரியது. அதை இங்கே நேரடியாகச் செருகினால் என்ன ஆகும்? தடை மாறாதிருக்கும்போது மின்வலு வோல்ட் அளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று வகுப்பில் படிக்கிறோம். அதன்படி வெப்பம் மூன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். கடையில் வாங்கும் சாதாரண அடப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது.

தகடு சரியாக இருந்தாலும் வயரை விரலால் வளைத்துப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால், பிளக்கில் கருகிய தடம் தெரிந்தால், செருகவே வேண்டாம். தகுதியுள்ள மின்தொழிலாளி ஒருவர் வயரை மாற்றி, உலோக உடலுக்கு எர்த் இணைப்பும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். டேப் சுற்றிச் சமாளிப்பது ஆபத்து. வீட்டு ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது துப்புரவு. பிளக்கைக் கழற்றி, குக்கர் நன்றாக ஆறிய பின்பே தொட வேண்டும். மின்பாகம் உள்ள அடிப்பகுதியைத் தண்ணீரில் அமிழ்த்தவே கூடாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் போதும். கழற்ற முடியாத பானையாக இருந்தால் கறைக்கு மேலே வரும்வரை தண்ணீர் விட்டு, ஒரு கோப்பை வினாகிரி ஊற்றி, குறைந்த சூட்டில் சில மணிநேரம் வையுங்கள். ஆறியதும் மென்மையான பஞ்சால் தேய்த்தால் கறை இளகும். மிச்சமுள்ள கறைக்கு அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசலாம். கம்பித் தும்பு வேண்டாம், அது பளபளப்புப் பூச்சைக் கீறிவிடும். சூடான பானையில் குளிர்நீர் ஊற்றினால் பானை வெடிக்கும்.

பூச்சில் வெடிப்போ உரிந்த இடமோ இருந்தால் அதில் சமைக்க வேண்டாம். வெடிப்புக்குள் உணவு தங்கிக் கிருமி வளரும். பழைய மட்பாண்டப் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் உண்டு. புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருட்கள் நீண்ட நேரம் சூட்டில் கிடந்தால் அந்த ஈயம் உணவில் கலக்கக்கூடும். ஈயம் வளரும் பிள்ளைகளின் மூளையைப் பாதிப்பது.

இனி முக்கியமான சோதனை. மெதுவாகச் சமைப்பது வேறு, இளஞ்சூட்டில் வைத்திருப்பது வேறு. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையே பற்றீரியாக்கள் வேகமாகப் பெருகும். நல்ல குக்கர் உணவை அந்த எல்லைக்கு மேலே விரைவில் கொண்டுபோய்விடும். பழுதான குக்கரிலும் விளக்கு எரியும், ஆவி வரும், பானை கையைச் சுடும். ஆனால் உள்ளே போதிய சூடு இராது. கண்ணாலும் கையாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பாதியளவு தண்ணீர் விட்டு, மூடி, குறைந்த சூட்டில் 8 மணிநேரம் வையுங்கள். மூடியைத் திறந்தவுடனே சமையல் வெப்பமானியால் அளவுங்கள். 85 பாகைக்குக் கிட்ட இருக்க வேண்டும். ஆய்வுகூடத்து இரச வெப்பமானியைச் சமையல் பாத்திரத்தில் இட வேண்டாம், உடைந்தால் இரசம் கலந்துவிடும்.

எங்கள் குக்கர் வயரிலும் பானையிலும் தேறியது. தண்ணீர்ச் சோதனையில் 63 பாகைதான் காட்டியது. மறுநாள் திரும்பவும் வைத்தோம், அதே அளவுதான். உம்மம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “எத்தனை நோன்புக்குக் கஞ்சி தந்த சட்டி இது” என்றார். ஆனால் நோயாளியான அவரும் சின்னத் தம்பியும் அருந்தும் கஞ்சி அது. கெட்ட உணவு முதலில் வீழ்த்துவது முதியவர்களையும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும்தான். உம்மா வயரை வெட்டி எறிந்துவிட்டு, சட்டியில் ரம்பைச் செடி நட்டார். கஞ்சிக்கு இலை அதிலிருந்துதான் பறிக்கிறோம்.

உங்கள் குக்கர் தேறிவிட்டால் நான்கு விடயங்களை மறவாதீர்கள். உறைந்த இறைச்சியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முற்றாக இளகவிட்ட பின்பே போடுங்கள். சமைக்கும்போது மூடியை அடிக்கடி திறக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் இழந்த சூடு திரும்ப ஏறத்தாழ அரை மணிநேரம் செல்லும். கிட்னி பீன்ஸ் எனும் சிவப்பு அவரையை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுநீரில் அடுப்பில் 10 நிமிடமாவது கொதிக்கவிட்ட பின்பே சேருங்கள். அதிலுள்ள நச்சுப் புரதம் குறைந்த சூட்டில் அழியாது. நீங்கள் வீட்டில் இல்லாத வேளையில் மின்சாரம் நெடுநேரம் நின்றுபோயிருந்தால், வாசனை நன்றாக இருந்தாலும் அந்த உணவைக் கொட்டிவிடுங்கள். உணவை வீணாக்குவது நமக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு சட்டிக் கஞ்சியைவிட வீட்டில் உள்ளவர்களின் உடல்நலம் பெரிய அமானிதம்.