முதல் சில மணி நேரம்: துப்புத் துலங்காத கொலைகள் நமக்கு விட்டுச்சென்ற உரிமைகள்

1888 ஆகஸ்ட் 31, விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்பு. கிழக்கு லண்டனின் பக்ஸ் ரோ தெருவில் மேரி ஆன் நிக்கோல்ஸ் என்ற பெண் கழுத்தறுபட்டுக் கிடந்தார். மருத்துவர் வந்து பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொல்லி, சடலத்தைப் பிணவறைக்கு அனுப்பினார். வயிற்றிலும் ஆழமான வெட்டுகள் இருந்ததைத் தெருவில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிணவறையில் காவல் ஆய்வாளர் உடையை விலக்கிப் பார்த்த பிறகே தெரிந்தது. அதற்குள் தெருவில் தேங்கியிருந்த ரத்தத்தை அக்கம்பக்கத்து இளைஞர் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். பிணவறையில் வேலை செய்தவர்கள் உடைகளைக் களைந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 8-ல் அடுத்த கொலை. ஆனி சாப்மனின் சடலத்தை, மருத்துவர் பரிசோதிக்கும் முன்பே செவிலியர் இருவர் கழுவித் துடைத்துவிட்டார்கள். பரிசோதித்த மருத்துவர் பிலிப்ஸ் இதை விசாரணையில் வெளிப்படையாகவே குறைகூறினார். அந்த வட்டாரத்துக்கு முறையான பிணவறைகூட இல்லையே என்று மரண விசாரணை அதிகாரி வின் பாக்ஸ்டர் வேதனைப்பட்டார். செப்டம்பர் 30 அதிகாலையில் கொல்லப்பட்ட மற்றொரு பெண்ணின் ரத்தம் தோய்ந்த ஏப்ரன் துண்டு ஒரு வாசலில் கிடைத்தது. அங்கே சுவரில் சாக்கட்டியால் ஏதோ எழுதியிருந்தது. யூதர்கள்மீது கலவரம் மூளும் என்று அஞ்சிய காவல் ஆணையர் சார்லஸ் வாரன், புகைப்படம் எடுக்கும் முன்பே அதை அழிக்கச் சொன்னார்.

‘ஜாக் தி ரிப்பர்’ என்று உலகம் அழைக்கும் அந்தக் கொலையாளி யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. கொன்றவனின் சாமர்த்தியம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தடயத்தைக் கழுவியதும் துடைத்ததும் அழித்ததும் அவனல்ல. நல்லெண்ணத்தோடும் அவசரத்தோடும் நடந்துகொண்ட மற்றவர்கள்.

சந்தேக மரணம் நடந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவது, சடலத்தை அசைக்கும் முன் படமெடுப்பது, உடைகளைத் தனித்தனியே பொதிந்து முத்திரையிடுவது ஆகியவை எல்லாம் இப்படிப்பட்ட தோல்விகளிலிருந்து உலகம் கற்றவை. இவற்றில் பல இன்று நம் சட்டத்திலும் இருக்கின்றன. குடும்பத்தார் தெரிந்துவைத்துக் கேட்டால்தான் அவை உயிர்பெறும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

கறை எதைச் சொன்னது?

1898-ல் ஜெர்மனியின் லெக்டிங்கன் கிராமத்தில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். லுட்விக் டெஸ்னோவ் என்ற தச்சரின் உடையில் கறைகள் இருந்தன. “மரத்துக்கு அடிக்கும் சாயம்” என்றார். மறுக்க அன்றைய அறிவியலிடம் வழி இல்லை, விட்டுவிட்டார்கள். 1901-ல் ரூகன் தீவில் இரண்டு சிறுவர்கள் அதே கொடூரத்தோடு கொல்லப்பட்டார்கள். மறுபடியும் அதே தச்சர், அதே பதில். ஆனால் அதே ஆண்டில்தான் பால் உலன்ஹூத் என்ற விஞ்ஞானி மனித ரத்தத்தையும் விலங்கு ரத்தத்தையும் பிரித்தறியும் சோதனையைக் கண்டுபிடித்திருந்தார். அவர் அந்த உடைகளைச் சோதித்து, சில கறைகள் ஆட்டு ரத்தம், சில மனித ரத்தம் என்று காட்டினார். மூன்றாண்டு முன்பு இந்தச் சோதனை இருந்திருந்தால் அந்தச் சிறுவர்கள் பிழைத்திருக்கலாம்.

யார் பரிசோதிக்கிறார் என்பதும் அதே அளவு முக்கியம். நியூயார்க் நகரில் ஒரு காலத்தில் மரண விசாரணை அதிகாரி தேர்தலில் வென்று வருபவர். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கட்சிச் செல்வாக்கும் லஞ்சமும் மரணத்தின் காரணத்தை எழுதின. 1915-ல் நகர அதிகாரி லெனார்ட் வால்ஸ்டீன் நடத்திய விசாரணை இதை அம்பலப்படுத்தியது. தேர்ந்த கையால் வைக்கப்பட்ட விஷம் அங்கே பிடிபடவே வாய்ப்பில்லை என்ற நிலை வெளியே வந்தது. 1918-ல் அந்தப் பதவியை ஒழித்து, தகுதிபெற்ற மருத்துவரின் தலைமையில் தனி அலுவலகம் அமைத்தார்கள். சார்லஸ் நாரிஸ் அதன் தலைவர். நஞ்சு ஆய்வுக்கு அலெக்சாண்டர் கெட்லர்.

இந்த வகையில் சென்னைக்கும் பழமையான பங்கு உண்டு. இந்தியாவின் முதல் வேதியியல் ஆய்வாளர் ஆய்வகம் 1849-ல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கப்பட்டது. இன்று மயிலாப்பூரில் இயங்கும் தடய அறிவியல் துறைக்கு வேர் அதுவே.

நிரபராதியைக் காப்பதும் தடயமே

கொலை துலங்காமல் போனால் பாதிக்கப்படுவது இறந்தவரின் குடும்பம் மட்டுமல்ல. 1944 நவம்பர் 8-ல் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய அப்ரூவரின் வாக்குமூலத்தைப் பெரிதும் நம்பிய அந்த வழக்கில் திரைப்பட நடிகர்கள் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன பிறகு, 1947-ல் விடுதலையானார்கள். இடையில் போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. கொன்றது யார் என்பதும் நிறுவப்படவில்லை.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். முதல் வழக்கு மூன்றாண்டு துலங்காமலே கிடந்தது. இரண்டாவதில் 17 வயது இளைஞர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மரபியல் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ சோதனை செய்தபோது, இரண்டு கொலையிலும் குற்றவாளி ஒருவனே என்பதும் அது இந்த இளைஞர் அல்ல என்பதும் தெரிந்தது. டிஎன்ஏ முதலில் விடுவித்தது ஒரு நிரபராதியை. உண்மைக் குற்றவாளி பிறகே சிக்கினான். 1983-ன் மாதிரி பத்திரமாக இல்லாதிருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

நம் சட்டம் என்ன தருகிறது?

தற்கொலை, விபத்து, சந்தேக மரணம் எதுவானாலும் காவல்துறை சடலத்தைப் பார்த்து விசாரணை அறிக்கை எழுத வேண்டும். ‘174-ல் பதிந்திருக்கிறார்கள்’ என்று பேச்சில் சொல்வது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, இதைத்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194-ஆவது பிரிவு.

• அந்த அறிக்கை அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். எழுதியதை ஒப்புக்கொள்பவர்கள்தான் கையெழுத்திட வேண்டும். உடலில் பார்த்த காயம் அறிக்கையில் இல்லையென்றால் கையெழுத்திடக் கட்டாயம் இல்லை. வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

• மரணத்தின் காரணத்தில் சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண்ணின் உறவினர் யாராவது கேட்டாலே போதும், சடலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும்.

• காவலில் இருந்தவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் (பிரிவு 196). முடிந்தவரை உறவினருக்குத் தகவல் தந்து, விசாரணையில் உடனிருக்க அனுமதிக்கவும் வேண்டும். புதைத்த சடலத்தைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்க உத்தரவிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு.

• ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிப்பதையும் அதை வீடியோவில் பதிவதையும் பிரிவு 176(3) கட்டாயமாக்குகிறது. ஐந்தாண்டுக்குள் மாநில அரசு அறிவிக்கும் நாளிலிருந்து இது செயலுக்கு வரும்.

• கொலை, தற்கொலை, சந்தேக மரணம் ஆகியவற்றில், சட்டம் ஒழுங்குக் காரணம் இருந்தாலொழிய, சூரியன் மறைந்த பின் பிரேதப் பரிசோதனை செய்யக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2021 நவம்பர் வழிகாட்டுதல் சொல்கிறது. “ராத்திரியே முடித்துவிடலாம்” என்று யாராவது அவசரப்படுத்தினால் இதை நினைவூட்டுங்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

2008-ல் நொய்டாவில் ஒரு வீட்டில் பள்ளிச் சிறுமி கொலையுண்டு கிடந்தாள். அதே வீட்டின் மொட்டைமாடியில் கிடந்த பணியாளரின் சடலம் மறுநாள்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் வீட்டுக்குள் உறவினர், அண்டை வீட்டார், ஊடகத்தார் என்று கூட்டம் புழங்கிவிட்டது. கீழ் நீதிமன்றம் பெற்றோரைத் தண்டித்தது. 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை. லண்டன் கொலைகளுக்கு நூற்றிருபது ஆண்டுக்குப் பிறகும் அதே தவறு.

நம் வீடுகளில் இது பாசத்தின் பேரால் நடக்கிறது. தூக்கில் தொங்குபவரைக் கண்டதும் இறக்குகிறோம். உயிர் இருக்கக்கூடுமென்றால் அதுதான் சரி. உயிரைவிடத் தடயம் பெரிதல்ல. ஆனால் கயிற்றின் முடிச்சை அவிழ்க்காமல் வேறிடத்தில் வெட்டலாம். வெட்டிய துண்டுகளை அப்படியே வைக்கலாம். உயிர் போனது உறுதியென்றால் எதையும் தொடாமல் கதவைச் சாத்திவிட்டுக் காவல்துறையை அழைக்கலாம். வாந்தி, மருந்துப் பாட்டில், கடைசியாகச் சாப்பிட்ட தட்டு, கைபேசி எதையும் துடைத்து எடுத்துவைக்காதீர்கள். சந்தேகம் இருக்கும் வீட்டில் குளிப்பாட்டும் சடங்கு காத்திருக்கட்டும்.

“பொணத்தை அறுக்கணுமா? ஊர் என்ன பேசும்?” என்ற கேள்வி பல மரணங்களை விசாரணைக்கு வராமலே புதைத்திருக்கிறது. புதைத்ததைத் தோண்டலாம். எரித்ததை ஒன்றும் செய்ய முடியாது. சந்தேகம் இருக்கும்போது அடக்கத்தைத் தள்ளிப்போடுவது இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

செய்ய வேண்டியவை

சந்தேகத்தை எழுத்தில், தேதியோடு, காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள். சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிந்தாக வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தை நாடலாம். உள்ளுறுப்புகள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டனவா, எந்தத் தேதியில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பரிசோதனையில் குறையிருந்தால் இரண்டாவது பரிசோதனை கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்; அதுவரை சடலத்தைப் பாதுகாக்கக் கோருவது அவசியம். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100.

வழக்கு நின்றுபோனால்

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கு அல்லது இறந்தவரின் வாரிசுக்கு 90 நாளுக்குள் காவல்துறை தெரிவிக்க வேண்டும். ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று வழக்கை முடிக்க அறிக்கை தாக்கலானால், அதை ஏற்கும் முன் புகார்தாரரின் வாதத்தை நடுவர் கேட்க வேண்டும் என்பது 1985-ல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. நீங்கள் ஆட்சேப மனு போடலாம். மேல் விசாரணை கேட்கலாம். கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது. குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கிலும் இறந்தவரைச் சார்ந்திருந்தவர்கள் இழப்பீடு கோரி சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம் (பிரிவு 396).

கலிபோர்னியாவில் 1970-களிலும் 80-களிலும் தொடர் கொலைகள் செய்த ஒருவன் 2018-ல் கைதானான். 1980-ல் எடுத்து உறையவைத்திருந்த மாதிரியின் டிஎன்ஏவை, மரபுவழி உறவினர்களைத் தேடும் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுத்தான் அவனை அடைந்தார்கள். 1980-ல் அந்த மாதிரியை எடுத்தவருக்கு இப்படியொரு சோதனை வரப்போவது தெரியாது. அவர் செய்தது, கவனமாக எடுத்து, கவனமாகப் பாதுகாத்ததுதான். இன்று துலங்காத மரணம் நாளை துலங்கலாம். அதற்கு இன்று தடயம் சேகரிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுடையது. தயங்காமல் கேளுங்கள்.