தெளிந்த தண்ணீரில் நஞ்சு

மேற்கு வங்காளத்தில் பல கிராமங்களில் அடிபம்புத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. ஆனால் சிலருக்கு உள்ளங்கை தடித்தது. உடம்பில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. தொழுநோய் என்று ஊரார் ஒதுக்கினார்கள். பாவம், அது ஒட்டும் நோயே அல்ல!

1983இல் கல்கத்தா மருத்துவர்கள் காரணத்தைக் கண்டார்கள். நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. வெள்ளைப் பாஷாணத்தில் உள்ள நஞ்சு இதுதான். இதற்கு நிறம் இல்லை, ருசி இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரைக் குப்பியில் ஊற்றி, அமிலமும் துத்தநாகமும் சேர்ப்பார்கள். ஆர்சனிக் வாயுவாக மேலே வரும். குப்பியின் வாயில் மருந்து தடவிய வெள்ளைத் தாள் இருக்கும். நஞ்சு இருந்தால் தாள் மஞ்சளாகும். அதிகம் இருந்தால் பழுப்பாகும். சரியான அளவை ஆய்வுக்கூடத்துக் கருவி சொல்லும்.

100 லிட்டரில் 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கல் உப்பை விடக் குறைவு!

ஒரு பம்பில் நஞ்சு இருக்கும். பக்கத்துப் பம்பில் இராது. எனவே ஒவ்வொரு பம்பையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.