ஆறில்லா நாட்டின் நீரளவு

உலகத்துப் பேராறுகளின் நீர்மட்டத்தையும் நீரோட்டத்தையும் நாள்தோறும் அளந்து குறிக்கும் முயற்சி கண்டங்கள்தோறும் நடைபெற்று வருகின்றது. ஆறென்று சொல்லத்தக்கது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றேயாகிய நம் குடாநாட்டார்க்கு இதனால் ஆவதென்ன என்று கேட்போர் உளர். தொண்டைமானாறும் உப்பாறும் பெயரளவில் ஆறுகளேயன்றி உண்மையிற் கடலேரியின் கூறுகள் என்பது அன்பர் அறிந்ததே. அவ்வினாவுக்கு விடை காணுமுன், அளக்கும் முறை இன்னதென அறிதல் வேண்டும்.

ஆற்றங்கரையிலே அடியும் அங்குலமும் குறித்த கோலை நாட்டி நீரின் உயரத்தைப் பார்ப்பது எளிது. ஓடும் நீர் எவ்வளவென்று அறிவதே அரிது. ஆற்றைக் குறுக்கே பல துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து, சுழலும் கிண்ணங்களையுடைய கருவியொன்றை நீரில் இறக்கி வேகத்தைக் காண்பர். மேல்நீர் விரைந்தும் அடிநீர் மெல்லவும் ஓடுமாதலின், மேலிருந்து ஆழத்திற் பத்தில் ஆறு பங்கிற் கண்ட வேகத்தைச் சராசரியாகக் கொள்வது வழக்கம். மூன்றையும் பெருக்கி, துண்டங்களின் தொகைகளைக் கூட்ட, ஓட்டம் கிடைக்கும். வெவ்வேறு மட்டங்களில் இவ்வாறு பலமுறை அளந்து ஒரு வளைகோடு வரைந்துகொண்டால், அதன்பின் கோலைப் பார்த்த மாத்திரத்தே ஓட்டத்தைச் சொல்லலாம். படுகை மணலால் மேடிட்டாலோ அரிக்கப்பட்டாலோ அவ்வளைகோடு பொய்த்துவிடும்; மீண்டும் அளத்தல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் புவியியல் ஆய்வுப் பகுதியார் தம் முதல் நிலையத்தை 1889 ஆம் ஆண்டு நியூ மெக்சிக்கோவில், றியோ கிராண்டே நதிக்கரையில் எம்புடோ என்னுமிடத்தே நிறுவினர். இந்தியாவிலே மத்திய நீர் ஆணையம் 1945 இல் தோன்றியது. தில்லியில் யமுனையின் வெள்ளத்தை முன்னறிவிக்கும் பணி 1958 இல் தொடங்கிற்று. மேலூரில் ஏறிய நீர் கீழூரை அடையச் சென்ற நேரம் பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து தெரியுமாதலின், இன்னநாள் இவ்வளவு ஏறும் என்று கூற முடிகின்றது. 2002 இல் ஏவப்பட்ட கிறேஸ் என்னும் இரட்டைச் செய்மதிகளோ, புவியீர்ப்பின் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரின் தேய்வையே கண்டன. வடமேற்கு இந்தியாவின் நிலத்தடி நீர் குறைந்து வருதல் இவ்வாறே 2009 இல் வெளிப்பட்டது. ஆயின் அக்கணிப்பு மிகப் பரந்த நிலங்களுக்கே பொருந்தும். நம் குடாநாடு அக்கண்ணுக்கு ஒரு புள்ளியும் ஆகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே நமக்குப் பெருஞ்செல்வம். அது சுண்ணக்கற் பிளவுகளின் வழியே இறங்கி, கடலுவர் நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரினும் கடல்நீர் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டரைப் பங்கு பாரம் கூடியது. ஆகலின், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதனை ஒல்லாந்தராகிய கைபன் என்பாரும், பின்னர் 1901 இல் ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பெர்க் என்பாரும் கண்டு கூறினர். இக்கணக்கின் மறுபக்கத்தை உன்னுக. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தே நின்றால், அடியிலுள்ள உவர் காலப்போக்கில் நாற்பதடி மேலெழும். பிளவுகள் மலிந்த நம் கல்லிலே நன்னீரும் உவரும் ஒரு கோட்டிற் பிரியாமற் கலந்து நிற்குமாதலின், இது தோராயக் கணக்கேயாம். எனினும் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தல் நம் கண்முன் உள்ள சான்றாகும்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதவலிமையே இறைப்புக்கு எல்லை கட்டிற்று. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை.

பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் 1954 இல் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் இக்குறையை நோக்கியதே. கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடலேரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடலேரிக்குக் கொணர்ந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவிட்டு உவரைத் தடுப்பது அதன் கருத்து. வாய்க்கால் அந்நாளிலே முற்றுப்பெறாது நின்றது. எத்துணை நீர் வந்து சேரும் என்னும் அளவே இத்தகைய திட்டத்துக்கு வேர் என்பதை வாதஞ் செய்வோர் இருசாராரும் மறந்துவிடுகின்றனர்.

1964 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நீர்வளச் சபை நிலத்தடி நீரை ஆராய்வதற்கு உண்டு. எனினும் வீட்டுக்கு வீடு உள்ள கிணறுகளுக்கு அலுவலர் சென்று பார்த்தல் இயலாது. பழைய மாணவர் ஒவ்வொருவரும் இதனைச் செய்தல் கூடும். கிணற்றுக்கட்டில் ஓரிடத்தே அழியாத கோடொன்று கீறிக்கொள்க. அக்கோட்டிலிருந்து நீர்வரை உள்ள தூரத்தைப் பாரங் கட்டிய நாடாவால் அளந்து, நாளும் நேரமும் எழுதுக. அளப்பது விடியற்காலை, இறைப்புத் தொடங்குமுன் ஆதல் வேண்டும். கரையோரக் கிணறுகளில் கடல் வற்றுப்பெருக்கோடு மட்டமும் அசையுமாதலின் அதனையும் குறித்தல் நன்று. திங்களுக்கு ஒருமுறை போதும். புரட்டாதிக் கடைசியிலும் தைப் பிறப்பிலும் தவறலாகாது. முன்னது நீர் மிகத் தாழ்ந்த காலம், பின்னது மிக உயர்ந்த காலம். கல்லூரி ஆய்வுகூடத்து மாணவர் அக்கோடு கடல் மட்டத்துக்கு எத்துணை மேல் உள்ளதென மட்டக்கருவியால் அளந்து சேர்ப்பாராயின், ஊரெழுவிலும் உரும்பிராயிலும் அளவெட்டியிலும் எடுத்த அளவுகளை ஒரே படத்தில் வரையலாம்.