எண்பது ரூபாயும் ஏழு பெண்களும்

மும்பையில் குடியேறிய நம்மில் பலர் லிஜ்ஜத் அப்பளத்துக்குப் பழகிவிட்டோம். மிளகும் பெருங்காயமும் தூக்கலான அந்த ருசி நம் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. (என் மாமியார் மட்டும் கடைசிவரை கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை விட்டுக்கொடுக்கவில்லை!) ஆனால் அது நம் சமையலறைக்கு வந்து சேரும் ஏற்பாட்டை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

1959 மார்ச் 15 அன்று, கிர்காமில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் குஜராத்திப் பெண்கள் எழுவர் கூடி அப்பளம் இட்டார்கள். முதலீடு, சமூக சேவகர் சகன்லால் கரம்சி பாரேக்கிடம் கடனாகப் பெற்ற 80 ரூபாய். அன்று தேறியவை நான்கே பொட்டலங்கள். முதலாண்டு மழைக்காலத்தில் வெயிலின்றி நான்கு மாதம் வேலையே நின்றுபோயிற்று. மும்பை மழையைத்தான் நாம் அறிவோமே! மறு ஆண்டு ஒரு கட்டில் வாங்கினார்கள். அதன்மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். எந்தப் பொறியாளரையும் கேட்டுச் செய்ததல்ல அது.

இன்று சுமார் 45,000 பெண்கள். காலையில் கிளைக்கு வந்து, பிசைந்த மாவை நிறுத்து வாங்கிப் போகிறார்கள். வீட்டில் குழந்தைக்கும் அடுப்புக்கும் நடுவே இட்டு உலர்த்தி, மறுநாள் ஒப்படைத்துக் கூலி பெற்று, அடுத்த மாவோடு திரும்புகிறார்கள். வெளியே வேலைக்கு அனுப்பாத வீடுகளிலிருந்தும் பெண்கள் சேர முடிந்தது இதனால்தான்.

கூலிக்கு அப்பளம் இடுவது புதிதல்ல. நம் ஊரிலும் உண்டு. அங்கே லாபம் முதலாளிக்கு. இங்கே இடுகிறவரே உறுப்பினர், 'பெஹன்'. லாபமோ நஷ்டமோ அவர்களுக்குள்தான் பங்கு. ஆண்கள் கணக்கெழுதலாம், வண்டி ஓட்டலாம், உறுப்பினராக முடியாது. எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதைச் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். குனிந்து உட்கார்ந்து இடுவது இடுப்பை ஒடிக்கும் வேலை. ஒற்றை அறை வீட்டில் அப்பளம் உலர்ந்தால் பிள்ளைகளுக்குக் கால் நீட்ட இடமிராது. ஆயினும் எங்கள் கட்டடத்தில் பாத்திரம் தேய்த்துவந்த மராத்திப் பெண்மணி ஒருவர், இதில் சேர்ந்தபின் தம் பெயரில் வங்கிக் கணக்கு திறந்ததை முதலில் என்னிடம்தான் காட்டினார்.

நம் சங்கத்து மகளிரும் ஆண்டுதோறும் வடாமும் வத்தலும் போட்டு விழாக் கடையில் விற்கிறார்கள். வரவு முழுவதும் பந்தல் செலவுக்குப் போய்விடுகிறது. இந்தக் கோடையிலாவது தனிக்கணக்கு வைத்து, பிழிந்த கைகளுக்கே பங்கு பிரிக்கலாமா என்று மகளிர் அணிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். செயற்குழுவில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.