2.1, 6.3: இந்த இரண்டு எண்களை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்

2022இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. லட்சம் பேருக்கு 2.1. அதே ஆண்டு அமெரிக்காவில் லட்சம் பேருக்கு 6.3. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'அமெரிக்காவை விட நம்ம ஊர் மூணு மடங்கு பாதுகாப்பு' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களின் பட்டியலைக் காட்டி, 'பொம்பளப் பிள்ளையை வச்சுக்கிட்டு இனி ஊருக்குத் திரும்புவதாவது' என்று நியூஜெர்சியிலிருந்து பதில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். போவதா, இருப்பதா, திரும்புவதா என்ற முடிவையே இப்படி எடுக்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இது.

முதலில், எண் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். சென்னையில் பஸ் நெரிசலில் போனைப் பறிகொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போகிறார். புகாரை வாங்கிப் பார்க்கும் ரைட்டர், 'திருடிட்டாங்கன்னு எழுதாதீங்க, காணோம்னு எழுதிக் கொடுங்க' என்கிறார். சற்று நேரத்தில் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வருகிறது. புது சிம் வாங்க அது போதும் என்பதால் வந்தவரும் திருப்தியாகப் போய்விடுகிறார். எஃப்.ஐ.ஆர். போடப்படவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது எஃப்.ஐ.ஆரை. ஆகவே அரசுக் கணக்கின்படி அந்தப் போன் திருடே போகவில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013இல் சொல்லிவிட்டது. ரசீது கொடுத்தனுப்பும் பழக்கம் அதற்குப் பிறகும் போகவில்லை.

போதாததற்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டை, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றங்களின் வகையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வரும் ஆண்டுகளில் திருட்டு குறைந்ததாகப் பட்டியல் சொன்னால், திருடர்கள் குறைந்துவிட்டார்கள் என்று யாரும் மகிழ வேண்டாம்.

எண்ணும் விதியும் நாட்டுக்கு நாடு வேறு. ஒரே வழக்கில் கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை மூன்றும் இருந்தால் நம் ஆவணக் காப்பகம் கொலையை மட்டும் எண்ணும். எஃப்.பி.ஐ.யும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் எண்ணியது. 2021இல் எல்லாக் குற்றங்களையும் எண்ணும் புது முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறைகள் அந்த முறையில் தகவலே தரவில்லை. ஸ்வீடனில் நேர் எதிர்: ஒரே ஆள் ஒரே பெண்ணுக்குப் பத்து முறை இழைத்த வன்கொடுமை பத்துக் குற்றம். 2005இலும் 2018இலும் வன்கொடுமைக்கான சட்ட வரையறையையும் அங்கே விரிவாக்கினார்கள். அந்த எண்ணை வைத்து ஸ்வீடன் இந்தியாவை விடப் பெண்களுக்கு ஆபத்தான நாடு என்று வாதாடுவது அறியாமை. தெரிந்தே செய்தால் அதைவிட மோசம்.

பெண்கள் விஷயத்தில் நம் மாநிலமே போதுமான பாடம். 2022இல் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் நாடு முழுவதும் லட்சம் பெண்களுக்கு 66.4, தமிழ்நாட்டில் 24. பெருமைப்படலாம் போலிருக்கிறது. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு வந்து தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது, திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நாட்டுச் சராசரி 29. வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதம் மட்டுமே. கேரளத்தின் மொத்தக் குற்ற விகிதம் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்பதும் இந்தக் கதையின் மறுபக்கம்தான். அங்கே புகார் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் போலீஸ் கணக்கு தவிர, வீடு வீடாகக் கேட்கும் ஆய்வு ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. 2022இல் வன்முறைக் குற்றங்களில் 41.5 சதவீதமும் சொத்துக் குற்றங்களில் 31.8 சதவீதமும்தான் போலீஸுக்குப் போயிருக்கின்றன என்று அது சொன்னது. எவ்வளவு விட்டுப்போகிறது என்பதாவது அவர்களுக்குத் தெரியும். நம்மிடம் ஆண்டுதோறும் நாடு தழுவிக் கேட்கும் அப்படி ஓர் ஆய்வு இல்லை. 'உலகின் பாதுகாப்பான நகரங்கள்' என்று பத்திரிகைகள் போடும் 'நம்பியோ' இணையதளப் பட்டியல் வேறு ரகம். அது அந்தத் தளத்துக்கு வருகிறவர்களின் அபிப்பிராயம். குற்றத்தை அது எண்ணுவதே இல்லை.

மிஞ்சுவது கொலை. பிணத்தை மறைப்பது கடினம் என்பதால் ஓரளவு ஒப்பிடலாம். அதையும் அப்படியே எடுக்கக் கூடாது. இந்தியாவில் வரதட்சணை மரணம் தனித் தலைப்பு: 2022இல் 6,450 வழக்குகள். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று இன்னும் சில ஆயிரம் வேறு இடத்தில் இருக்கின்றன. அமெரிக்கக் கணக்கில் இவற்றில் பல கொலையோடு சேர்ந்தேதான் வரும். எல்லாவற்றையும் சேர்த்தால் நம் 2.1, மூன்றை நெருங்கும். அவர்களுடைய 6.3, 2024இல் ஏறத்தாழ ஐந்துக்கு இறங்கிவிட்டது. 'மூணு மடங்கு' இரண்டு மடங்காகச் சுருங்குகிறது. அந்த இரண்டு மடங்கு உண்மை, அதற்குப் பெருங்காரணம் துப்பாக்கி. அங்கே கொலைகளில் பத்தில் எட்டு துப்பாக்கியால் நடப்பவை.

ஆனால் நாட்டுச் சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை. மூன்று லட்சம் பேர் வாழ்ந்த செயின்ட் லூயிஸ் நகரில் 2020இல் 263 கொலைகள். லட்சம் பேருக்கு 87. தமிழர்கள் திரளாகக் குடியேறிய எடிசன், பிளேனோ, ஃப்ரீமான்ட், நேப்பர்வில் போன்ற ஊர்களில் அமெரிக்கச் சராசரிக்கு வெகு கீழே. வீட்டு விலையும் பள்ளி மதிப்பெண்ணும் பார்த்துக் குடிபோகிறவர்கள் பாதுகாப்பையும் சம்பளத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சம்பளம் இல்லாதவர்களும் நம்மில் இருக்கிறார்கள். மாணவர் விசாவில் வந்து, வாரம் 20 மணி நேரம் கல்லூரி வளாகத்துக்குள் மட்டுமே வேலை பார்க்கலாம் என்ற விதியை மீறி, பெட்ரோல் பங்க் கல்லாவில் இரவு முழுவதும் ரொக்கத்தோடு உட்காரும் பையனுக்கு எடிசன் எண் பொருந்தாது. அவனைத் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்தாலும் விசா பயத்தில் போலீஸுக்குப் போகமாட்டான். அங்கேயும் எண்ணில் சேராத குற்றம்.

சரி, நாட்டை விட்டுவிட்டு மாநிலத்தோடு மாநிலத்தை வைப்போம். கொலையில் 2022 கணக்குப்படி தமிழ்நாடு இரண்டுக்குச் சற்று மேல், நியூஜெர்சி மூன்றை ஒட்டி. வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இது பெரிய வித்தியாசமில்லை. சாலையில் செத்தவர்களைப் பாருங்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் (நாட்டிலேயே அதிகம்), 17,884 சாவுகள். லட்சம் பேருக்கு 23. நியூஜெர்சியில் 700ஐ ஒட்டிய சாவுகள். லட்சம் பேருக்கு ஏழெட்டு. வீட்டுக்கு வீடு கார் வைத்திருக்கும் மாநிலத்தில் இது. தமிழ்நாட்டில் கொலையில் சாகிறவர் ஒருவர் என்றால் சாலையில் சாகிறவர் பத்துப் பேர். குற்றப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இந்தப் பத்துப் பேர் படுவதில்லை.

விடுமுறைக்கு வருகிற குடும்பம் என்ன செய்கிறது? ஏறத்தாழ ஒரு நாள் விமானப் பயணம் முடிந்து நள்ளிரவுக்கு மேல் மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. வெளியே திருச்சிக்கோ காரைக்குடிக்கோ போக வாடகை இனோவா நிற்கிறது. டிரைவர் மத்தியானம் ஊரிலிருந்து கிளம்பி வந்தவர். பின் சீட்டில் பெல்ட் இருக்கும், அதன் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். தோண்டி எடுக்கச் சொன்னால், 'பின்னாடி போலீஸ் கேக்கமாட்டாங்க சார்' என்பார். நியூஜெர்சியில் இரண்டு வயது வரை பின்நோக்கிய இருக்கை, எட்டு வயது வரை பூஸ்டர் என்று சட்டம் பிசகாமல் கட்டிவைத்த பிள்ளை, இங்கே அம்மா மடியில் தூங்கிக்கொண்டு நூற்றுப் பத்தில் போகிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் எச்சரிக்கை விளக்குப் போடாமல் ஓரம் கட்டிய லாரி நிற்கும். அந்தக் குடும்பம் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்ட ஆபத்துகளில் இதுவே பெரியதாக இருக்கலாம். சென்னையில் ஒரு ராத்திரி ரூம் போட்டுத் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்பினால் பாதி தீர்ந்தது. தாத்தா பாட்டி கோபித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அங்கே திரும்பியதும் அடுத்த பிசகு. ஷாப்பிங் மால் துப்பாக்கிச் சூட்டை நினைத்துப் பயப்படுகிறவர்கள், பிள்ளையை விளையாட அனுப்பும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டிவைத்திருக்கிறார்களா என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,328 பேர், தற்கொலை. ஒன்று முதல் 19 வயதுக்காரர்களின் சாவுக்கு 2020லிருந்து முதல் காரணம் துப்பாக்கி. தொலைக்காட்சியில் வருகிற கூட்டக் கொலைகள் இந்தச் சாவுகளில் மிகச் சிறு பங்கு. மற்றவை வீட்டிலும் தெருவிலும் ஒவ்வொன்றாக நடப்பதால் செய்தியாவதில்லை. கேட்டுவிடுங்கள். அமெரிக்கப் பெற்றோர் பலர் கேட்கிறார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நம்மைத் தேடி வருகிற குற்றமும் உண்டு, அது தங்கத்துக்காக வருகிறது. 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன், டெக்சாஸ் என்று மாநிலம் மாநிலமாகப் போய் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடு புகுந்து, கட்டிப்போட்டு நகை பறித்த கும்பலின் தலைவிக்கு 2019இல் 37 ஆண்டு சிறை விதித்தார்கள். யார் வீட்டில் நகை இருக்கும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வந்த கூட்டம் அது. அந்த ஊர்களின் கொள்ளை விகிதத்தைப் பார்த்து உங்கள் வீட்டு ஆபத்தைக் கணக்கிட்டால் குறைவாகத்தான் வரும். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் நகைத் திருட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 1,500 டாலர். ஒரு தாலிக்கொடிக்கே காணாது.

தொலைபேசி மோசடிக்குச் சராசரியும் இல்லை, எல்லையும் இல்லை. 2024இல் அமெரிக்காவில் இணையக் குற்றங்களில் பறிபோனதாக எஃப்.பி.ஐ.க்கு வந்த புகார்களின் மதிப்பு 1,660 கோடி டாலர். இந்தியாவில் 22,845 கோடி ரூபாய். வாஷிங்டன் இந்தியத் தூதரகத்தின் எண்ணே திரையில் தெரியும்படி அழைத்து, 'உங்கள் குடியேற்றப் படிவத்தில் பிழை, நாடு கடத்துவார்கள்' என்று பணம் கேட்பதாகத் தூதரகமே எச்சரித்திருக்கிறது. அங்கே பிள்ளைக்கு இந்த அழைப்பு என்றால், இங்கே அப்பாவுக்குப் போலீஸ் என்று சொல்லி மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. இந்தியாவில் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைத்தால் பணத்தை முடக்க வாய்ப்புண்டு. அந்த எண் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

வீட்டுக்குள் நடக்கிற வன்முறையும் விமானம் ஏறிக் கூடவே வருகிறது. கணவனின் விசாவில் வந்த மனைவிக்கு 911ஐ அழைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும்: நியூஜெர்சிச் சட்டப்படி உடலில் காயம் தெரிந்தால் போலீஸ் கைது செய்தே ஆகவேண்டும். சமாதானம் பேசி அனுப்பும் வழக்கம் அங்கே செல்லாது. அழைக்கும் முன் யோசனை கேட்க, 1985லிருந்து தெற்காசியப் பெண்களுக்காகவே நியூஜெர்சியில் இயங்கும் 'மானவி' என்ற அமைப்பு இருக்கிறது.

கடைசியாக, ஒப்பீடு போடுகிறவர்கள் கணக்கில் எடுக்காமலே விடுகிற ஒன்று. இரண்டு நாட்டிலும் தன் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்க்கிறவர், தான் கிளம்பியதால் வீட்டில் கூடிய ஆபத்தைப் பார்ப்பதில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் முதிய தம்பதியும் மகனும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2025 மே தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்து வீட்டில் முதிய தம்பதி கொல்லப்பட்டது, நடந்து சில நாள் கழித்தே தெரிய வந்தது. சிவகிரியில் பிடிபட்டவர்களுக்குப் பல்லடம் கொலையிலும் பங்குண்டு என்றது போலீஸ். இரண்டு இடத்திலும் பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. கொலையில் மாநிலச் சராசரி 2.2 என்பது கொங்கு நாட்டில் தனித் தோட்டத்தில் இருக்கும் எழுபது வயதுக்காரர்களுக்கு ஒன்றையும் சொல்லாது.

நகையை வங்கி லாக்கரில் வைத்துவிட்டோம் என்பார்கள். 2022 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கர் உடைக்கப்பட்டு நகை போனாலும் வங்கி தருவது ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். அது பணக் கணக்கு. பெரிய சிக்கல், நகை லாக்கரில் இருப்பது திருடனுக்குத் தெரியாது என்பது. அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற வீடு என்பது மட்டும் ஊருக்கே தெரியும். சிவகிரிக்குப் பிறகு ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் தோட்டத்து வீடுகளுக்கு ரோந்தைக் கூட்டினார்கள். உங்கள் பெற்றோர் வீட்டுப் பக்கம் ரோந்து வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது என்று அந்த ஊர் ஸ்டேஷனில் கேட்கலாம். போனில் கேட்டால் சொல்லமாட்டார்கள். உள்ளூரில் யாராவது நேரில் போக வேண்டும்.